ஒரு புடவைக்கு எத்தனை பேர்

ஆரணி
22.8.2025

ஸ்வர்ணலதா டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பதினோராம் வகுப்பில் படிக்கும் துர்காவின் அப்பா வீரபாகு எழுதுகிறேன். பட்டுத்தறி நெய்பவன். படிப்பு பத்தாவதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம் என்று இரண்டு முறை நம்பரை எடுத்தேன். பேசினால் கத்திவிடுவேன். டீச்சரிடம் கத்தினான் என்ற கெட்ட பெயர் வேண்டாம் என்றுதான் எழுதிப் பள்ளி வாட்ச்மேன் அருணகிரியிடம் கொடுக்கிறேன்.

நேற்று பள்ளியில் கண்காட்சி என்றார்கள். பெண் ஏதோ ஒட்டியிருக்கிறாள் என்று சந்தோஷமாகத்தான் வந்தேன். உங்கள் பொருளாதார வகுப்புச் சுவரில், 'ஒரு புடவைக்கு எத்தனை பேர்?' என்று பெரிதாகத் தலைப்பு. அதன் கீழே என் பெயர், என் தெரு. அப்பா வீரபாகு 62 மணி நேரம். அம்மா கீதா, ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவது, இழை எடுத்துக் கொடுப்பது, 31 மணி நேரம், கூலி இல்லை. மகள் துர்கா 11 மணி நேரம், கூலி இல்லை. புடவைக் கூலி 3,200. மூன்று பேருக்கும் வகுத்தால் மணிக்கு முப்பது ரூபாய் எழுபத்தேழு பைசா.

என் வீட்டுச் சோற்றுப் பானையை ஊருக்கு நடுவில் கவிழ்த்துவிட்டீர்கள். டீக்கடையில் ஒருத்தன் கேட்கிறான்: "இன்னா வீரபாகு, உன் ரேட்டு மணிக்கு முப்பது ரூவாயாமே? எங்க ஊட்ல தேங்கா உரிக்க வரியா?"

கூலி இல்லை என்று எழுத வைத்தீர்களே, அந்தப் பெண் போட்டிருக்கும் செருப்பு எங்கிருந்து வந்தது? அவள் அம்மா கட்டியிருக்கும் புடவை யார் கொடுத்தது? வீட்டில் சாப்பிடுகிறவர்கள் கை கொடுப்பது கணக்கில் வருமா? நாளைக்கு அம்மா இட்லி ஊற்றினால் அதற்கும் பில் போடச் சொல்வீர்களா?

திங்கட்கிழமையிலிருந்து துர்கா பள்ளிக்கு வர மாட்டாள். சமாதானம் பேச யாரும் என் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்.

வீரபாகு

*

ஆரணி
25.8.2025

திரு. வீரபாகு அவர்களுக்கு,

வீட்டுக்கு வரக்கூடாது என்கிறீர்கள். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

ஒரு வகுத்தல் கணக்குக்காகப் பதினாறு வயதுப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்துவீர்களா? துர்கா திருடவில்லை, பொய் சொல்லவில்லை. தன் வீட்டில் நடப்பதைக் கடிகாரத்தைப் பார்த்து எட்டு நாள் எழுதினாள். அதில் ஒரு எண் பொய்யென்றால் சொல்லுங்கள், நானே கிழித்துப் போடுகிறேன்.

நான் என்ன நடத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பாடப்புத்தகத்தில் கூலியைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வரும். நானும் அப்படி எழுதித் தொண்ணூற்றெட்டு வாங்கியவள்தான். வாங்கிக்கொண்டு வெம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா வேர்க்கடலை மூட்டையைக் காட்டி, "வியாபாரி ஏம்மா இந்த வருசம் இவ்ளோ கொறச்சிக் கேக்கறான்?" என்றார். தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கியவள், மூட்டைக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதனால் நான் பாடத்தில் ஆரம்பிப்பதில்லை. முதலில் ஒரு பிரச்சினையைக் கொடுப்பேன், ஊரில் உள்ள உண்மையான பிரச்சினை. பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து, தங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, யாரைக் கேட்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வார்கள். விசாரித்து வந்து சண்டை போடுவார்கள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறப்போம். இந்த முறை கேள்வி, ஒரு பட்டுப்புடவைக் கூலி உண்மையில் எத்தனை பேருக்கான கூலி என்பது. என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள்.

துர்கா அதைத் தானே விரும்பித்தான் சுவரில் ஒட்டினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் வெட்கப்பட வேண்டிய எதுவும் அதில் இல்லை. வெட்கப்பட வேண்டியவர் அந்தக் கூலியைக் கொடுக்கிறவர்.

இது கைக்குக் கிடைத்ததும் அவளை அனுப்பி வையுங்கள்.

ஸ்வர்ணலதா

*

ஆரணி
31.8.2025

டீச்சர் அவர்களுக்கு,

வெட்கப்பட வேண்டியவர் வேறு ஆள் என்று எழுதினீர்கள். அந்த ஆள் வெட்கப்படுகிற லட்சணத்தைக் கேளுங்கள்.

எனக்குப் பட்டும், தறியில் கட்டும் நீள இழைப் பாவும் கொடுத்து, புடவையை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பவர் தனசேகரன் முதலாளி. உங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். கண்காட்சியில் துர்கா தலையில் கை வைத்து "சபாஷ்" என்று சொல்லி, சுவரில் இருந்த தாளும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தாராம். அந்தப் போட்டோ எதற்கென்று நேற்றுத்தான் புரிந்தது.

முடித்த புடவையைக் கொண்டுபோய் வைத்தேன். கூலி கொடுத்தார். அடுத்த பாவு கேட்டேன். போனை எடுத்து, போட்டோவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உன் பொண்ணு எழுதினதுதானே? படிக்கிற பொண்ண தறியில உக்கார வெச்சிகினு நெய்ற. நாளைக்கு ஆபீசர் வந்தா மொதல்ல என் கடைக்குத்தான் சீலு. எனக்கு எதுக்குப்பா இந்த பேஜாரு? உனுக்கு இனிமே பாவு கெடயாது."

"மொதலாளி, ஸ்கூல் உட்டு வந்து ஒண்ணு ஒண்ணர மணி நேரம் தார் சுத்திக் குடுக்குது. எல்லா ஊட்லயும் சுத்தறாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் உன்ன ஒத்தனத்தான் பாத்து பாவு குடுத்தேன். ஒத்தனுக்குத்தான் கூலியும் குடுத்தேன்."

பதினெட்டு வருஷம் அவருக்கு நெய்தேன், டீச்சர். அவர் கல்யாணத்துக்கு எடுத்த புடவையே என் தறியில் இறங்கியது. இப்போது தறி வெறுமையாக நிற்கிறது. வேறு முதலாளி இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களுக்கும் அந்தப் போட்டோ போயிருக்கிறது.

இன்னொன்று. துர்கா விரும்பித்தான் ஒட்டினாளா என்று அவளையே கேட்டேன். சொன்னாள்: "டீச்சர் கேட்டாங்கப்பா, உன்னுது நல்லா கீது, ஒட்டலாமான்னு. கிளாசே என்ன பாத்துகினு இருந்துச்சு. வேணான்னு எப்பிடி சொல்றது?"

இதற்கு என்ன பெயர், உங்கள் புத்தகத்தில்?

வீரபாகு

*

ஆரணி
3.9.2025

திரு. வீரபாகு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை மூன்று முறை படித்தேன். எனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேட்டது வகுப்பு நடுவில். "பெயரை எடுத்துவிட்டு ஒட்டலாமா?" என்று கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல விடைத்தாள் கையில் கிடைத்த மகிழ்ச்சியில், அது ஒரு வீடு என்பதை மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. முப்பத்திரண்டு தாள்களையும் உங்கள் கடிதம் வந்த அன்றே இறக்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆனால் தனசேகரன் செய்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. படிக்கிற பெண் மாலையில் வீட்டில் அப்பா அம்மாவுக்குக் கை கொடுப்பது வேறு, பிள்ளையைக் கூலிக்கு வைப்பது வேறு. அவருக்கு இது தெரியாதா? அந்தத் தாளில் அவரைச் சுட்டது துர்காவின் பதினோரு மணி நேரம் இல்லை. அந்த வகுத்தல்!

நேற்று மாலை அவர் கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். காபி வாங்கி வரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

"உங்க கூலி ஒரு ஆளுக்கான கூலின்னா, தார் யார் சுத்தறாங்க சார்?" என்று கேட்டேன்.

"அது அவங்க குடும்ப விஷயம் டீச்சர். நான் எதுக்கு அடுத்தவன் ஊட்டுக்குள்ள எட்டிப் பாக்கணும்?"

"எட்டிப் பாக்காமதான் பாவு குடுக்கறத நிறுத்தினீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "பாடத்த நடத்துங்க டீச்சர். ஊர நடத்தாதீங்க. எச்.எம். கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். கடையில் வாடிக்கையாளர் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

துர்காவுக்காக வகுப்பில் இடம் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து அனுப்புங்கள்.

ஸ்வர்ணலதா

*

ஆரணி
6.9.2025

டீச்சர்,

உங்களை யார் போகச் சொன்னது?

முதலில் கேட்காமல் என் பெயரைச் சுவரில் ஒட்டினீர்கள். இப்போது கேட்காமல் என் சண்டையைப் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். தவறு என்று எழுதின மை காய்வதற்குள் அதே தவறு. நான் இன்னும் பத்து நாள் பொறுத்து, கையைக் காலைப் பிடித்தாவது பாவு வாங்கியிருப்பேன். நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டீர்களே, இனி அந்த மனுஷன் இறங்கி வருவானா?

உங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வரும். எனக்குத் தறி ஓடினால்தான் உண்டு.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தறி நின்ற நாலாம் நாள், கீதா பக்கத்துத் தெரு கன்னியம்மா வீட்டுக்குத் தார் சுற்றப் போனாள். அந்த அம்மாவுக்குக் கை முடியவில்லையாம். சாயங்காலம் வந்து நூற்றைம்பது ரூபாயை அரிசிப் பானை மேல் வைத்தாள்.

"இன்னாது?" என்றேன்.

"கூலி" என்றாள்.

அதே கை, டீச்சர். அதே வேலை. என் வீட்டில் பதினேழு வருஷம் சுற்றினாள், ஒரு நாளும் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் வந்ததில்லை. அடுத்த தெருவில் போய் உட்கார்ந்த உடனே வந்துவிட்டது. அந்தப் பணத்தை நான் தொடவில்லை. சாப்பிட்டேன், அது வேறு.

இதைப் படித்துவிட்டு 'நான் சொன்னது சரிதானே' என்று மட்டும் எழுதாதீர்கள்.

வீரபாகு

*

ஆரணி
17.9.2025

திரு. வீரபாகு அவர்களுக்கு,

எழுத மாட்டேன். நீங்கள் திட்டியதும் சரி. கடைக்கு நான் போனது உங்களுக்காகவா, என் கோபத்துக்காகவா என்று யோசித்தேன். பாதிக்கு மேல் என் கோபத்துக்காகத்தான்.

இப்போது எனக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. தலைமையாசிரியர் ராஜவேலு சார் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார். மாணவிகளைப் பெற்றோருக்கு எதிராகத் தூண்டுவது, பாடத்திட்டத்தை விட்டு வெளியே போவது, ஊர் வியாபாரத்துக்குக் களங்கம் உண்டாக்குவது என்று மூன்று குற்றம். பாதிக்கப்பட்ட பெற்றோரே புகார் கொடுக்கப் போகிறார் என்றும் சொன்னார். 26ஆம் தேதி நிர்வாகக் குழு முன்னால் விசாரணை. பெற்றோர் புகார் வந்தால் என்னை வேலையை விட்டு நிறுத்தி வைப்பார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் பெற்றோர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். எழுதுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. தடுக்கவோ கெஞ்சவோ இதை எழுதவில்லை.

ஆனால் இந்தக் குற்றப் பட்டியலைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. நான் உண்மையில் செய்த ஒரே தவறு, உங்களைக் கேட்காதது. அது இதில் இல்லவே இல்லை! உங்கள் மானம் போனதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவர்கள் வருத்தமெல்லாம் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள் என்பதுதான்.

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. பொருளாதாரத் தேர்வு 22ஆம் தேதி. என் மேல் உள்ள கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். அவளை அனுப்புங்கள்.

ஸ்வர்ணலதா

*

ஆரணி
21.9.2025

டீச்சர் அவர்களுக்கு,

நேற்று முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். உட்காரச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தது நேற்றுத்தான்.

"இன்னா வீரபாகு, தறி காத்து வாங்குதாமே" என்றார். டைப் அடித்த ஒரு தாளை நகர்த்தினார். கீழே என் பெயர் தயாராக இருந்தது. "ஒரு கையெழுத்து போடு. நாளைக்கே பாவு ஊடு தேடி வரும். ஜல்தி, எச்.எம். வெயிட் பண்ணிகினு கீறாரு."

ஒரு வரி விடாமல் முழுவதும் படித்தேன். நீங்கள் என் வீட்டுக்கு வந்து மிரட்டினீர்களாம். பணம் கேட்கச் சொல்லிப் பெண்ணைத் தூண்டினீர்களாம். அவள் பெற்றோரை எதிர்த்துப் பேசியதால் நான் அவளை நிறுத்தினேனாம். என் வாசலை நீங்கள் மிதித்ததே இல்லை. துர்கா ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

"மொதலாளி, எனக்கு டீச்சர் மேல கோவந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா இதுல எழுதிகிறது என் கோவம் இல்ல. ஒங்களுது."

"எவன் கோவமா இருந்தா இன்னாப்பா? ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் மேலதானே?"

"அப்ப ஒங்க கோவத்துக்கு நீங்களே கையெழுத்து போட்டுக்கங்க."

எழுந்து வந்துவிட்டேன். வந்துவிட்டேனே தவிர, தெரு முனை வரைக்கும் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கீதாவிடம் என்ன சொல்வது? சொன்னேன். நான் நினைத்தபடியே கத்தினாள்.

"அரிசி ரெண்டு படிதான் கீது. உனுக்கு இப்ப நாயம் கேக்குதா?"

அரிசிப் பானையை மூடிவிட்டு அவளே கேட்டாள். "அந்தப் பேப்பர்ல என் பேரு இருந்துச்சா?"

"இல்ல. என் பேரும் துர்கா பேரும்தான்."

"கொழந்த எழுதின சார்ட்டுல இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இந்த ஒரு மாதமாக, அந்தச் சார்ட்டால் வீட்டில் எல்லோருக்கும் அவமானம் என்று நினைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் என்னைக் கேட்காததற்கு நான் குதித்தேன். சரி, அது எங்கள் வீட்டு விஷயம்.

நாளைத் தேர்வுக்குத் துர்கா வருவாள். 26ஆம் தேதி நானும் வருவேன். உங்களைக் காப்பாற்ற வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். புகார் கொடுக்கத்தான் வருகிறேன். என் புகாரை நானே எழுதிக்கொள்வேன்.

வீரபாகு

*

ஆரணி
28.9.2025

திரு. வீரபாகு அவர்களுக்கு,

தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிற்காமல் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் புகாரை ராஜவேலு சார் உரக்கப் படித்தார். முதல் இரண்டு வரியில் தனசேகரன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: "என்னைக் கேட்காமல் என் பெயரையும் தெருவையும் சுவரில் ஒட்டியது தப்பு. பிள்ளை வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வைத்துக் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. இதற்காக டீச்சரைக் கண்டிக்க வேண்டும். ஆனால் துர்கா போட்ட கணக்கு சரி. ஒரு புடவைக்கு என் வீட்டில் மூன்று பேர் உழைக்கிறோம். கொடுக்கும் கூலி ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. இதைச் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று என் பெயரில் வேறு தாள் வந்தால், அது பொய்."

தனசேகரன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இவனுக்கு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்.

நான் எழுந்தேன். "அவருக்கு எழுதிக் கொடுத்த தாள் உங்ககிட்டதான் சார் இருக்கு. அவர் கையெழுத்துப் போடாத தாள்" என்றேன். ராஜவேலு சார் அவர் பக்கம் திரும்பி, "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று கேட்டார். பயந்த சுபாவம் உள்ள மனிதர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்கவே அவருக்கு நெற்றி வியர்த்தது. தனசேகரன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

மூன்று குற்றச்சாட்டையும் விட்டுவிட்டார்கள். உங்கள் புகாரை ஏற்று எனக்கு எழுத்து மூலம் கண்டிப்பு கொடுத்தார்கள். என் பதிவேட்டில் அது இருக்கும். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற மூன்றுக்கு ஒரு நாளும் போட்டிருக்க மாட்டேன்.

பாவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால், நானே எங்காவது கிளம்பிப் போய்விடுவேனோ என்று நீங்கள் பயப்படுவீர்கள். போக மாட்டேன். நீங்கள் சொன்னால் ஒழிய.

ஸ்வர்ணலதா

*

ஆரணி
20.11.2025

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் தாமதம். கையில் சொல்ல ஒன்றும் இல்லாமல் எழுத மனம் வரவில்லை.

தனசேகரன் பாவு தரவில்லை. தர மாட்டார். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத் துணி இல்லை. ஒன்றரை மாதம் சந்தவாசலில் மச்சான் கட்டுகிற வீட்டில் சித்தாள் வேலை செய்தேன். தறியில் உட்கார்ந்த முதுகு, கல் தூக்கினால் என்ன ஆகும் என்று இப்போது தெரியும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பழைய உறுப்பினர் அட்டை இருந்தது. அலைந்து அலைந்து இந்த மாத முதல் வாரத்தில்தான் ஒரு பாவு கிடைத்தது. கூலி கொஞ்சம் கூட. பெரிதாக ஒன்றும் இல்லை.

தெருவிலும் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. தேங்காய் உரிக்கக் கூப்பிட்டானே, அவனே போன வாரம் வந்து, "உன் பொண்ணு அந்தக் கணக்க எப்பிடிப் போட்டுச்சு? என் ஊட்டுதையும் போட்டுப் பாக்கணும்" என்றான். துர்கா போட்டுக் கொடுத்தாள். அவனுக்கு இருபத்தெட்டு ரூபாய்தான் வந்தது. அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தார் சுற்றத் தனிக் கூலி கேட்டுத் தனசேகரனிடம் போயிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லாமல் இழுக்கிறார். அந்த ஒன்பது பேரும் தாங்களாகப் போனார்கள். நீங்களும் போகவில்லை, நானும் போகவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அந்த ஒன்றரை மாதத்தை நீங்கள் திருப்பித் தர முடியாது. ஆனால் துர்கா வகுப்பில் இருக்கட்டும். அடுத்த தடவை ஊரைப் பற்றிக் கேள்வி கொடுக்கும்போது வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்புங்கள். சரி என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுதி அனுப்புகிறேன்.

சங்கத்துப் புடவை நேற்று இறங்கியது. கூலி வாங்கி வந்து, வழக்கம்போல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கீதா வந்து கையை நீட்டினாள்.

"இன்னா?" என்றேன்.

"கணக்கு சரின்னு எச்.எம். கிட்ட எழுதிக் குடுத்தது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"அப்ப குடு."

பக்கத்தில் துர்கா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். முப்பத்தொரு மணி நேரத்துக்கு உண்டானதை எண்ணி அவள் அம்மா கையில் கொடுத்தேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

வீரபாகு